மாடியில் வெயில், வீட்டில் கரண்ட் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு தரும் மானியம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்பது சரிதான், எனக்கும் வந்தது. ஆனால் விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுவதை யாராவது எழுத வேண்டும் என்பதால் இந்தக் கடிதம்.

சோலார் போட்ட மறு மாதமே, பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்கு எங்கள் தெருவில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். நான் கவலைப்படவில்லை. மாடியில் ஆறு பேனல், மேலே சித்திரை வெயில். ஊறிய அரிசியைக் கிரைண்டரில் போட்டு சுவிட்சைத் தட்டினால் அசைவே இல்லை. விற்றவருக்குப் போன் செய்தேன். "இது ஆன்கிரிட் மேடம், லைனில் கரண்ட் இருந்தால்தான் ஓடும்" என்றார், ஏதோ எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது போல. சோலார்தான் வந்துவிட்டதே என்று பழைய யுபிஎஸ்ஸையும் பேட்டரியையும் எடைக்குப் போட்டிருந்தோம்!

காரணத்தைச் சொன்னவர் கம்பத்தில் வேலை பார்க்க வந்த லைன்மேன்தான். "நாங்க ஆஃப் பண்ணிட்டுக் கம்பியில கை வைக்கிறோம். உங்க மாடிக் கரண்ட் அதுல வந்தா என் கதி என்னம்மா?" என்றார். அதனால்தான் லைன் போனதும், பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடுகிறது. அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. மின்தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை வேண்டும், விலையும் கூடும். தெரிந்து வாங்குவது வேறு, அரிசி ஊறிய பிறகு தெரிந்துகொள்வது வேறு.

இன்னொன்று, மின்விசிறி. இரண்டு மாதத்துக்கு எங்கள் வீட்டில் 540 யூனிட் ஓடும். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும் என்பது பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். விற்றவர் அந்தப் பில்லை மட்டும் பார்த்து 3 கிலோவாட் என்றார். தலைக்கு மேலே சுற்றிய நான்கு பழைய விசிறிகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் 75 வாட். பிறகு மகன் சொல்லி, குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினோம், ஒவ்வொன்றும் 32 வாட்தான். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற வீட்டில் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 120 யூனிட் மிச்சம். இதை முதலில் செய்திருந்தால் நாளுக்கு ஏழு யூனிட்டே போதும், ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நாலு யூனிட் தரும் என்று வைத்தாலும் 2 கிலோவாட் தாராளம். மானியம் 60,000 ஆகக் குறைந்திருக்கும், ஆனால் கைக்காசும் குறைவாகவே போயிருக்கும்.

போர் தண்ணீரில் பேனலைக் கழுவியதும் என் தப்புதான். உப்பு வெள்ளையாகப் படிந்து, அதைத் துடைப்பதற்குள் இடுப்பு போய்விட்டது.

இத்தனைக்கும் சோலார் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. பில் நன்றாகவே குறைந்திருக்கிறது. கேட்பது ஒன்றுதான்: விற்பவர் தரும் கொட்டேஷனில், "மின்தடையின்போது இது இயங்காது" என்று பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும் என்று மானியம் தருகிறவர்கள் கட்டாயமாக்கட்டும். எனக்கு வந்த நான்கு பக்கமும் ஆங்கிலம், அதிலும் இந்த வரி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.