கூரை ஸ்பீக்கர் கடைசியில் வரட்டும்: ஹோம் தியேட்டர் விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தில் ஹோம் தியேட்டர் கருவிகளை விற்போருக்கும், வீடு தேடி வந்து அவற்றைப் பொருத்தித் தருவோருக்கும்,

வணக்கம்.

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் படம் பார்க்க ஆசைப்பட்டு உங்கள் கடைக்கு வருகிறவர் இன்று முதலில் கேட்பது, டால்பி அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் முறை, போட்டால் செலவுக்கேற்ற பலன் இருக்குமா என்பதைத்தான். உங்களில் பலர் யோசிக்காமல் ஆம் என்கிறீர்கள். என் விடையும் ஏறத்தாழ ஆம்தான். ஆனால் தலைக்கு மேலே ஸ்பீக்கர் வைப்பது, நம்முடைய வீடுகளைப் பொறுத்தவரை, மற்றவையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு. அதை நீங்கள் முதலில் விற்கிறீர்கள் என்பதே என் முறையீடு.

இந்தத் தொழில்நுட்பம் நம் ரசிகருக்குப் புதிதன்று. 2012-இல் அமெரிக்கத் திரையரங்குகளில் அறிமுகமான அட்மாஸ், அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி’யின் முப்பரிமாணப் பதிப்போடு தமிழுக்கு வந்துவிட்டது, மறு ஆண்டே ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி என்னும் போட்டி முறையில் வெளியானது. திரையரங்கில் 128 ஒலித்தடங்கள் வரை கையாளப்பட்டு, 64 தனித்தனி ஸ்பீக்கர் இணைப்புகள் வரை பிரித்து அனுப்பப்படுகின்றன. 2014 முதல் வீட்டுக்கு வரும் வடிவத்திலோ, அருகருகே இருக்கும் ஒலிகள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு எண்ணிக்கை பெரிதும் குறைக்கப்படுகிறது. எஞ்சியதை வாடிக்கையாளரிடம் உள்ள ஸ்பீக்கர்களுக்கு ஏற்ப ரிசீவர் என்னும் ஒலிபெருக்கிக் கருவி பங்கிட்டுத் தருகிறது. ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் மட்டும் இருந்தால், மேலிருந்து வர வேண்டிய மழையும் ஹெலிகாப்டரும் அந்த ஐந்தின் வழியாகவே கேட்கும். திசைதான் மாறுமே தவிர, ஒலி காணாமல் போய்விடாது. ஆகவே, ‘அட்மாஸ் இல்லையென்றால் படத்தின் பாதிச் சத்தம் கேட்காது சார்’ என்று கடைகளில் சொல்லப்படுவதை முதலில் நிறுத்துங்கள். அது உண்மையில்லை.

இடம் வலம் பிரித்தறிவதில் நம் காது மிகக் கூர்மையானது; இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாடே அதற்குப் போதும். மேல் கீழ் அறிவதற்கு அந்த வசதி இல்லை. காதுமடலின் மடிப்புகளில் பட்டு ஒலியின் உயர் அதிர்வெண்கள் மாறும் விதத்தைக் கொண்டுதான் மூளை உயரத்தை அறிகிறது என்பதால், உயரம் துலங்க வேண்டுமானால் பக்கவாட்டில் உள்ளவை காதின் மட்டத்திலும் மேலே உள்ளவை தெளிவாக மேலேயும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பதென்ன? குழந்தை இழுத்துவிடும், அலமாரி மறைக்கிறது, வயர் தெரிகிறது என்று, பக்கவாட்டிலும் பின்னாலும் வைக்க வேண்டிய சரவுண்ட் ஸ்பீக்கர்கள் லாஃப்டுக்குப் பக்கத்தில், கூரையிலிருந்து ஒரு சாண் இறக்கத்தில் ஏறிவிடுகின்றன. அதன் பிறகு ஃபால்ஸ் சீலிங்கில் இன்னும் நான்கைப் பதித்தால், எல்லாமே மேலிருந்துதான் வருகின்றன. உயரம் என்று தனியாக உணர எதுவும் மிஞ்சுவதில்லை.

நண்பர் ஒருவரின் பிளாட்டில் இதை அருகிலிருந்து பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங்கின் நடுவில் ஃபேன். அதைச் சுற்றி நான்கு ஸ்பீக்கர்கள், நான்கு எல்இடி விளக்குகளுக்கு இணையாக, கோலத்துக்குப் புள்ளி வைத்த கச்சிதத்தோடு பதிக்கப்பட்டிருந்தன. சோபாவோ பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பின்பக்க உயரத்துக்கு என்று போட்ட இரண்டும் உட்கார்ந்திருப்பவரின் நெற்றிக்கு முன்னால் இருந்தன. பொருத்தியவர் ஃபேனை மையமாக வைத்து அளந்திருக்கிறார். அளந்திருக்க வேண்டியது சோபாவிலிருந்து. பாக்கெட்டில் ஓர் அளவு டேப் இருந்தால் போதும், பைசா செலவில்லாமல் தவிர்த்திருக்கக்கூடிய பிழை இது.

ஃபேனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கூரையைத் துளைக்க விரும்பாதவர்களுக்கு, ஒலியை மேலே எறிந்து கூரையில் பட்டுத் திரும்பச் செய்யும் ஸ்பீக்கர்களை விற்கிறீர்கள். இவற்றுக்குச் சமதளமான, கடினமான, அதிக உயரமில்லாத கூரை வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நம் கான்கிரீட் தளம் பத்தடி உயரத்தில் அதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் குறுக்கே பீம் ஓடும் அறைக்கும், ஓட்டு வீட்டின் சரிவுக்கும், மரக்கட்டை வரிசையாகத் தெரியும் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைக்கும் அது பொருந்தாது. பொருந்தும் அறையிலும் நடுவில் ஃபேன் சுழன்றால், ஒலி செல்லும் வழியில் இறக்கை குறுக்கிடக்கூடும். அது குறுக்கிடாத இடத்திலும் அதன் இரைச்சல் காற்றின் சலசலப்பையும் தூரத்து இடியையும் மூடிவிடும். அத்தகைய மெல்லிய ஒலிகளில்தானே உயர அடுக்கின் அழகே இருக்கிறது? சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்து என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஏசி இல்லாத அறைக்குக் கூரை ஸ்பீக்கர் விற்கும் முன் இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வதே நேர்மை.

அடுத்து, அறை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்பது நம் ஊரில் சர்வ சாதாரணமான அளவு. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நின்று உறுமும். அகலமும் உயரமும் ஒரே அளவாக இருப்பதால் அந்த உறுமல் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டிக்கிறது. குத்துப்பாட்டு போட்டதும் ‘பேஸ் அள்ளுது’ என்று வியக்கிறோமே, அதில் பாதி சப்வூஃபரின் வேலை, மீதி சுவரின் வேலை. இதோடு வழுவழுப்பான டைல்ஸ் தரையும், ஜன்னல் கண்ணாடியும், வெறும் சுவரும் சேர்ந்து எதிரொலிக்கும்போது வசனம் புரியாமல் போகிறது. வசனம் புரியாதவர் ஒலியைக் கூட்டுகிறார். அடுத்த பாட்டு ஓடும்போது கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். ஒரு கனத்த விரிப்பும், முழுநீளத் திரைச்சீலையும், சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்திப் பார்க்கும் அரைமணி நேரமும் இங்கே செய்வதை நான்கு கூரை ஸ்பீக்கர்களால் செய்ய இயலாது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒருவர் ஒன்றரை லட்சம் ஒதுக்கி, அதில் 60,000 ரிசீவருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 90,000-ஐ 7.1.4 அமைப்பின் (காது மட்டத்தில் ஏழு, சப்வூஃபர் ஒன்று, மேலே நான்கு) பன்னிரண்டு பெட்டிகளுக்குப் பங்கிட்டால் பெட்டிக்கு 7,500, மேலே எதுவும் இல்லாத 5.1-இன் ஆறு பெட்டிகளுக்கு என்றால் 15,000. பதினொரு ஸ்பீக்கரை இயக்கும் ரிசீவருக்கு விலை கூடும் என்பதால் முதல் கணக்கு நிஜத்தில் இன்னும் மெலியும். வசனத்தின் பெரும்பகுதி நடுவில் உள்ள சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை 7,500 ரூபாய்க்குச் சுருக்கிவிட்டு, படத்தில் எப்போதாவது பெய்யும் மழைக்கு நான்கு பெட்டி வாங்க வைப்பது என்ன நியாயம்?

பார்க்கும் படங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை மோனோ ஒலியில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், வந்தவை. நம் வீடுகளில் திரும்பத் திரும்ப ஓடுபவை அவையே. புதிய படங்களுக்கு ஓடிடியில் அட்மாஸ் கிடைப்பது படத்தையும், கட்டணத் திட்டத்தையும், படத்தை ஓட்டும் கருவியில் உள்ள வசதியையும் பொறுத்தது. மேல்நோக்கிய ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லாத சவுண்ட்பாரின் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர்) அட்டைப்பெட்டியிலும் அட்மாஸ் முத்திரை இருப்பதை நீங்கள் அறிவீர்கள்; வாங்குபவர் அறியமாட்டார்.

இவ்வளவும் சொன்னதால் நான் இதற்கு எதிரி என்று எண்ண வேண்டாம். தனி அறையும், ஏசியும், காது மட்டத்தில் சரியாக அமைந்த 5.1-உம், சுவரிலிருந்து சற்று முன்னால் நகர்த்தப்பட்ட சோபாவும் உள்ளவருக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர் சேர்ப்பது கொடுத்த காசுக்கு நிறைவான செலவு; அறையின் கூரையே விலகிக் காட்சி விரிவதை நானும் அனுபவித்திருக்கிறேன். புது வீடு கட்டுபவருக்குத் தளம் போடும்போதே அதற்கான பைப்பைப் புதைத்து வைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை அடுத்த தீபாவளிக்குக்கூட வாங்கிக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. டெமோ அறையில் கனத்த கம்பளத்தின் மேல் அமர்த்தி, ஹெலிகாப்டர் வட்டமடிக்கும் துண்டுக் காட்சியைப் போட்டுக் காட்டுவதோடு நிறுத்தாமல், தமிழ்ப் படத்தின் வசனக் காட்சி ஒன்றை இரவு பத்து மணிக்கு வீட்டில் வைக்கும் அளவிலான ஒலியில், ஒரு ஃபேனையும் சுழலவிட்டு, கூரை ஸ்பீக்கர்களை ஒருமுறை இயக்கியும் ஒருமுறை அணைத்தும் கேட்கச் செய்யுங்கள். விலைப்பட்டியல் தருவதற்கு முன் வீட்டுக்கு வந்து அறையை அளந்து, சோபா எங்கே, காது மட்டம் எவ்வளவு, ஒவ்வொரு பெட்டியும் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து, அந்தத் தாளையும் விலைப்பட்டியலோடு இணைத்துக் கொடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்களுள் ஒருவன்