நாலாம் அங்கத்துக்கு இருபது நிமிடம்

கண்ணு,

செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடக ஒத்திகையில் நாலாம் அங்கம் இழுக்கிறது என்று எழுதியிருந்தாய். 1904-ல் மாஸ்கோ கலை அரங்கிலேயே அந்தச் சிக்கல்தான். 12 நிமிடத்தில் முடிய வேண்டியதை 40 நிமிடம் ஆக்கிவிட்டார்கள் என்று மனைவி ஓல்காவுக்கு எழுதிப் பொருமினார் செகாவ். அவர் நகைச்சுவை என்று கொடுத்ததை இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி சோக நாடகமாகப் பார்த்தார்.

12 நிமிடம் உனக்குக் கட்டாது. வசனத்தைச் சும்மா வாசித்தாலே தாண்டிவிடும். ஆனால் நேரக் கணக்கு நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது, பார். ரயிலுக்கு 46 நிமிடம், 20 நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்கிறான் தோட்டத்தை வாங்கிவிட்ட வியாபாரி லோபாகின். பிறகு வீட்டை இழந்து கிளம்பும் சொந்தக்காரி ரானெவ்ஸ்கயா பத்து நிமிடம் என்கிறாள், அப்புறம் ஐந்து. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார். கண்ணீருக்காக எங்கெல்லாம் நிற்கிறார்களோ அங்கெல்லாம் வண்டி போய்விடும்.

லோபாகின் ரானெவ்ஸ்கயாவின் வளர்ப்பு மகள் வார்யாவிடம் கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டிய இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இருவரும் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டால் காட்சி செத்தது. வார்யா மூட்டை முடிச்சுகளில் எதையோ தேடுகிறாள். கை நிஜமாகவே தேடட்டும், கண் அதிலேயே இருக்கட்டும். அவன் குளிரைப் பற்றிப் பேசுகிறான்: பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி. (முதல் அங்கத்தில் செர்ரி பூத்து நிற்கும்போதும் அதே மூன்று டிகிரிதான், அங்கே கணக்குப்பிள்ளை யெபிகோதவ் அழுத்திச் சொல்லட்டும்.) "நான் பார்க்கவில்லை" என்கிறாள் வார்யா. சற்று நிறுத்தி, "எங்கள் தெர்மாமீட்டரும் உடைந்துவிட்டது."

சபை இங்கே சிரிக்கும், சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைத் தடுத்தால் அடுத்து வரும் அழுகை ஒட்டாது. மனசுக்குள் மூன்று எண்ணி, வெளியிலிருந்து லோபாகினைக் கூப்பிட்டுக் குரல் கொடுக்கச் சொல். அந்த அழைப்புக்காகவே வெகுநேரம் காத்திருந்தவன்போல அவன் வேகமாகப் போகிறான் என்பது செகாவின் மேடைக்குறிப்பு. வாசலில் திரும்பிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

பிறகு வார்யா தரையில் உட்கார்ந்து துணிமூட்டையில் தலை சாய்த்து, சத்தம் வராமல் விம்மவேண்டும். அது துணிமூட்டையாகவே இருக்கட்டும். டிரங்குப் பெட்டி வைத்தால் தலையும் சாயாது, விம்மலும் எதிரொலிக்கும்.

அப்பா