மண்டபத் தரைத் திருப்பணி: அங்கத்தவர்களுக்கு நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது கனடா ஸ்காபரோ மண்டபத்தின் நடனக் கூடத்துக்கும் மேடைக்கும் மேப்பிள் மரத்தரை போட்டு முடிந்தது. வகுப்புகள் மீண்டும் வழமைபோல் நடக்கின்றன. வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் தனியாக இணைத்திருக்கிறார். என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், இனி இந்தத் தரையை எப்படி வைத்திருப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

பழைய தரை கொன்கிறீற்றில் ஒட்டிய வைனைல் ஓடு. அதன்மேல் பரதநாட்டியத்துக்கு முழங்காலை மடித்து அரைமண்டியில் நின்று, பாதத்தால் தட்டும் தட்டடவு போட்டால், மிதிக்கும் அடியின் அதிர்வு பிள்ளைகளின் கணுக்காலுக்கும் முழங்காலுக்குமே திரும்பி வரும். நடன ஆசிரியைகள் நீண்ட காலமாகக் கேட்டுவந்தது இதற்காகத்தான். மரத்தை நேரே கொன்கிறீற்றில் ஒட்டினாலும் கதை அதேதான், பார்வைக்கு மட்டும் அழகாக இருக்கும். ஆகவே முதலில் ஈரத்தைத் தடுக்கப் பொலித்தீன் விரிப்பு, அதன்மேல் றப்பர் தாங்கிகள், சட்டங்கள், பிளைவூட், கடைசியில் முக்கால் அங்குலத் தடிப்பான மேப்பிள் பலகை என்று அடுக்கினோம். இப்போது தரை காலடிக்குச் சற்று இடம் கொடுக்கிறது. பழைய ஓட்டைப் பெயர்க்குமுன் அஸ்பெஸ்ரஸ் பரிசோதனையும் செய்தோம். இல்லை என்று வந்தது.

தேக்கு போட்டிருக்கலாமே என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். தேக்கின் பெருமை மழைக்கும் கறையானுக்கும் ஈடு கொடுப்பதில் இருக்கிறது. தேய்மானத்தைத் தாங்கும் கடினத்தில் அது பின்தான். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜான்கா அளவில் இங்குள்ள சர்க்கரை மேப்பிள் 1450, சிவப்பு ஓக் 1290. தேக்கு இரண்டுக்கும் கீழே. கூடைப்பந்து அரங்குகள் பெரும்பாலும் மேப்பிளில் இருப்பதும் இதனால்தான். இன்னொன்று, மேப்பிளின் ரேகை நெருக்கமானது, எளிதில் சிராய் கிளம்பாது. வெறுங்காலில் ஆடும் இடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் தாமதம். பலகைப் பெட்டிகள் வந்து இறங்கிய பிறகும் ஏன் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை என்று கேட்காதவர் இல்லை. சூளையில் உலர்த்தி வரும் பலகையில் ஈரம் 6 முதல் 9 வீதம்தான் இருக்கும். எங்கள் பிளைவூட்டில் ஈரம் அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்தபோது 13 வீதம் காட்டியது. மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள பலகைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 புள்ளிக்குமேல் போகக்கூடாது. மீறி அடித்தால் கீழிருந்து ஈரம் ஏறி, ஒவ்வொரு பலகையும் ஓரம் உயர்ந்து நடு தாழ்ந்து ஓடம்போல் வளைந்துவிடும். ஒப்பந்தக்காரர் “இதெல்லாம் காய்ந்துவிடும்” என்று அவசரப்படுத்தினார். நாங்கள் சம்மதிக்கவில்லை. ஹீற்றரைப் போட்டு, பெட்டிகளைப் பிரித்து அதே கூடத்தில் வைத்து, இரண்டு அளவும் நெருங்கிய பிறகே வேலையைத் தொடங்கச் சொன்னோம். மரவேலையில் பாதி இந்தக் காத்திருப்புத்தான்.

ஆணி அடித்தது பலகையின் நாக்கில், அதாவது ஓரத்தில் நீட்டிநிற்கும் விளிம்பில்; அடுத்த பலகையின் காடி (ஓரப் பள்ளம்) அதை மூடிவிடுவதால் வெளியே தெரியாது. சுவரோரம் முக்கால் அங்குலம் விட்டிருக்கிறோம். மரம் ஊதும்போது நகர அந்த இடம் தேவை, ஓரச்சட்டம் அதை மறைக்கிறது. பூச்சு, தண்ணீர் கலந்த பொலியூரிதேன், மினுக்கம் குறைந்த வகை. எண்ணெய் வகை நாளடைவில் மஞ்சளாகும். நிறம் ஏற்றவில்லை, மேப்பிள் நிறத்தைத் திட்டுத்திட்டாகவே குடிக்கும். மேடையின் வலப்பக்கம் ஓடும் பழுப்புக் கோட்டைப் பார்த்து “புதுத் தரையில் கறையா?” என்று கேட்கிறார்கள். கறையல்ல, மேப்பிளின் உள்வயிரத்தின் (மரத்தின் நடுப்பகுதியின்) நிறமே அப்படி. துடைத்தாலும் போகாது.

இனிப் பராமரிப்பு. தை, மாசியில் ஹீற்றர் ஓடும்போது காற்று வறண்டு பலகைகளுக்கிடையே மெல்லிய கீறல்கள் தெரியும். பயப்பட வேண்டாம், நிரப்பவும் வேண்டாம். வெயிற்காலத்தில் பலகை ஊதித் தானே மூடிக்கொள்ளும். கீறலில் பசையை நிரப்பியிருந்தால், ஊதும்போது இடமில்லாமல் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கும். அலுவலறைக் கதவருகே மாட்டியிருக்கும் ஈரப்பத மீற்றர் 35 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்கவேண்டும். அதற்குக் கீழே போனால் ஈரப்பதமூட்டியைப் போடுங்கள்.

ஈரம் சொட்டும் துடைப்பம், நீராவித் துடைப்பம், வினாகிரி, மெழுகு எதுவும் கூடாது. மெழுகு பூசினால் பிறகு புதுப் பூச்சு ஒட்டாது. உலர்ந்த துணித் துடைப்பமும், பிழிந்த ஈரத்துணியும் போதும். குளிர்காலச் சப்பாத்தில் ஒட்டிவரும் உப்பும் மணலும் பூச்சை அரம்போல் அராவும், ஆகவே சப்பாத்து வாசலோடு சரி. நிறைகுடத்துக்கும் குத்துவிளக்குக்கும் கீழே தட்டு வையுங்கள். கோலமாவை முதலில் உலர்வாகத் தும்புத்தடியால் மெதுவாகக் கூட்டியெடுங்கள், ஈரத்துணியால் தேய்க்காதீர்கள். மஞ்சள் தண்ணீர் சிந்தினால் உடனே துடையுங்கள். தேங்காய் வெளியில் உடையுங்கள். சலங்கை காலில் இருக்கும்வரை தரைக்கு ஒன்றும் ஆகாது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அதைக் கழற்றிப் போடும் விதத்தில்தான் கீறல் விழுகிறது. ஆசிரியைகள் ஒரு துணிப்பை வழக்கத்தைக் கொண்டுவந்தால் நல்லது. கதிரைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டியாயிற்று. ஒலிபெருக்கி வண்டியைப் பலகை விரிக்காமல் உருட்டக்கூடாது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூச்சு தேய்ந்து மரம் வெளித்தெரியும் முன், மேலோட்டமாக உரசிப் புதுப்பூச்சு ஒன்று கொடுக்கவேண்டும். மரத்தையே இழைத்தெடுக்கும் வேலையை இந்தத் தரையின் ஆயுளில் சில தடவைதான் செய்யலாம், அதை வீணாக்கக் கூடாது. எங்காவது தண்ணீர் கசிந்து பலகை வளைந்தாலும் உடனே இழைக்க விடாதீர்கள். நன்றாகக் காய்ந்தால் பெரும்பாலும் தானே படியும்; ஈரத்தோடு இழைத்தால் காய்ந்த பிறகு நடு உயர்ந்து நிற்கும்.

மிஞ்சிய பலகைப் பெட்டிகளைப் பேஸ்மென்ற்றின் ஈரத்தில் போடாமல் மேடைக்குப் பின்னுள்ள அறையில் அடுக்கியிருக்கிறோம். பின்னாளில் திருத்த வேலைக்கு இவை தேவைப்படும். மேடை அலங்காரக் குழுவினர் தயவுசெய்து அவற்றில் கை வைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
கட்டடக் குழு