மூக்குத் துவாரம் கோணலா? முதலில் நடுச்சுவரைப் பார்க்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூக்குத் துவாரம் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் 'ஒரே ஊசியில் சரியாகும்' என்றும், இரவில் கிளிப் மாட்டினால் போதும் என்றும் விளம்பரங்கள் வருகின்றன. வளர்ந்தவர்களின் குருத்தெலும்பு, கிளிப்பைக் கழற்றியதுமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காசுதான் வீண்.

கோணலுக்குப் பல நேரம் காரணம், மூக்கின் நடுச்சுவர் முன்முனையில், அடியிலுள்ள எலும்பு மேட்டைவிட்டு ஒருபக்கம் நழுவியிருப்பதுதான். தலையை அண்ணாந்து கண்ணாடியில் பார்த்தால் ஒரு துவாரத்துக்குள் அந்த விளிம்பு துருத்திக்கொண்டிருப்பது தெரியும். செல்ஃபியை வைத்து முடிவு செய்யாதீர்கள். தலை சற்றுத் திரும்பினாலும் துவாரங்கள் ஏறுமாறாகத் தெரியும்.

இதைக் கவனிக்காமல் பெரிய துவாரத்தின் மடலை (வெளிப்பக்கச் சதையை) வெட்டிச் சிறிதாக்கினால், இருபக்கமும் மூச்சு முட்டும். வெட்டிய தோலைத் திரும்ப வைக்கவும் முடியாது. முதலில் நடுச்சுவரைச் சீராக்கும் அறுவைசிகிச்சை (செப்டோபிளாஸ்டி): நழுவிய முனையை விடுவித்து, மிகுந்திருக்கும் சில மில்லிமீட்டரை நறுக்கி, நடுவில் தைத்து நிறுத்த வேண்டும். தையல் தளர்ந்தால் மறுபடி நழுவும். நடுச்சுவரின் மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் சுமார் 1 செ.மீ. பட்டை விடாமல் குருத்தெலும்பை எடுத்துவிட்டால் மூக்கே சரிந்துவிடும். அதன்பின்னும் மூக்கு மடல் தொய்ந்திருந்தால் காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து ஒட்டு வைக்கலாம். உள்வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும்.

ஃபில்லர் ஊசி (தோலுக்கடியில் ஹயலுரானிக் அமில ஜெல் நிரப்புவது) பள்ளத்தை மறைக்குமே தவிர, சுவரை நகர்த்தாது. சில மாதங்களில் கரைந்தும் போகும். ரத்தக்குழாய்க்குள் இறங்கினால் தோல் கருகலாம், பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் மருந்து கையில் இருக்கிறதா என்று கேட்காமல் ஊசிக்கு உட்காராதீர்கள்.

பிளவுதட்டோடு பிறந்த குழந்தைகளின் கதை வேறு. முதல் சில வாரங்களில் குருத்தெலும்பு இளகியிருக்கும்போதே வாயினுள் மாட்டும் அச்சுத்தகடு பொருத்தினால் மூக்கின் வடிவம் திருந்த உதவும்.

கீழே விழுந்த பிள்ளைகள் விஷயத்தில்தான் கவனம் மிக அவசியம். இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே நடுச்சுவர் மெத்தென்று வீங்கியிருந்தால் அங்கே ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்கு ஊட்டம் தரும் சவ்வை அந்த ரத்தம் பிரித்துவிடுகிறது. 24 மணி நேரத்துக்குள் வடிக்காவிட்டால் குருத்தெலும்பு செத்து, மூக்குத்தண்டு உள்வாங்கக்கூடும். எக்ஸ்ரேயில் இது தெரியாது. எலும்பு முறியவில்லை என்றதும் வீடு திரும்பிவிடாமல், மூக்கினுள் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை மருத்துவர்,
திருச்சி