எங்கள் மகளின் வலது கைக்காக உழைத்தவர்களுக்கு

அன்று காலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில், ஏழு வயது மகள் பிய்த்தெடுத்த இடியாப்பம் வாய்க்குப் போகுமுன் மூன்று முறை கை நழுவி விழுந்தது. விளையாடுகிறாள் என்று எண்ணி அதட்டினேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. முதலில் காட்டிய இடத்தில் வெறும் களைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிற்பகலில் வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறவே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்தோம். பக்கவாதமாக இருக்கலாம் என்று ஐயுற்று வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அறிவித்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை ஊழியர் இருவருக்கும் எங்கள் முதல் நன்றி.

பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அன்றிரவு கடமையிலிருந்த இளம் வைத்தியர், இதற்கு முன் எங்கே வசித்தீர்கள் என்று கேட்டிராவிட்டால், கணவரின் தொழில் நிமித்தம் பீகாரில் நான்கு ஆண்டுகள் இருந்ததை நாங்களாகச் சொல்லியிருக்க மாட்டோம். எம்.ஆர்.ஐ. பரிசோதனையில், மூளையின் அடிப்பகுதியில் இடப்பக்கத் தமனியைச் சுற்றி, பீகாரில் பரவலாகக் காணப்படும் பன்றி நாடாப்புழுவின் இளம்புழுக்கள் நீர்க்கட்டிகளாகத் தங்கியிருந்தது தெரிந்தது. அவற்றால் எழுந்த அழற்சி தமனிச் சுவரைத் தடிக்கச் செய்து இரத்தப் பாதையை ஒடுக்கியதே பக்கவாதத்துக்குக் காரணம்.

நாங்கள் தலைமுறையாகச் சைவ உணவுக்காரர். ஆயினும் 'பன்றி இறைச்சி கொடுத்தீர்களா?' என்று உறவினர் கேட்ட கேள்வி, நோயை விடவும் என்னைச் சுட்டது. பன்றி இறைச்சியைச் சரிவர வேகவைக்காமல் உண்பவரின் குடலில் புழு வளரலாம் என்றும், ஆனால் மூளைக்குள் கட்டியாவது அத்தகையவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் நீர், கழுவாத கை, பச்சைக் காய்கறி வழியாக இன்னொருவரின் வயிற்றுக்குள் சென்று பொரிப்பதால்தான் என்றும், தாளில் படம் வரைந்து அவர்களுக்கு விளக்கிய நரம்பியல் வைத்திய நிபுணருக்கு நான் எவ்வாறு நன்றி சொல்வேன்?

பூச்சி மருந்தை உடனே கொடுக்காதது ஏன் என்று நாங்கள் பொறுமையிழந்தோம். புழு இறக்கும்போது வீக்கம் மிகும் என்பதால், முதலில் ஸ்டீராய்டு கொடுத்து, கண்ணுக்குள் கட்டி இல்லை என்று கண் வைத்தியர் உறுதிசெய்த பின்னரே, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் அல்பென்டசோல் தொடங்கினார்கள். வீட்டார் அனைவரும் மலப் பரிசோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. முகஞ்சுளித்து மறுத்த அப்பம்மாவைச் சிரிக்கவைத்தே சம்மதிக்கவைத்தார் தாதி ஒருவர்.

துணி மாட்டும் கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டவும் கழற்றவும் சலிக்காமல் பழக்கிய இயன்மருத்துவருக்கும், அடுத்த கட்டிலில் தம் பிள்ளைக்கும் நோய் இருக்க, நான் குளித்துவரும் வரை என் மகளின் கையைப் பிடித்திருந்த சிங்களத் தாய்க்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டுள்ளோம். சுண்டுவிரல் இன்னும் முழுமையாக நிமிரவில்லை. நேற்றிரவு அவள் இடியாப்பத்தை வலது கையாலேயே, சொதியில் தோய்த்து, தானே உண்டாள்.

நன்றியுடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்