வெலிங்டனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. சிங்கப்பூரில் அம்மாவும் நானும் நலம். சிங்கப்பூருக்கும் நியூசிலாந்துக்கும் நடக்கும் வாணிபம் இரு நாடுகளின் மொத்தக் கணக்கிலும் சிறு பங்குதானே, அதற்கு ஏன் இத்தனை உடன்பாடுகள், இத்தனை பிரதமர் பயணங்கள் என்று தொலைபேசியில் கேட்டாய். வர்த்தகக் கொள்கை வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீ இதைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. சரக்கு அனுப்பும் தொழிலில் சுங்கப் பத்திரங்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை நிதானமாக எழுதுகிறேன்.

இரு நாடுகளையும் நெருங்க வைத்தது பிரிட்டனின் விலகல் என்பதே என் எண்ணம். சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே, சிங்கப்பூர் உட்பட, இருந்த தன் படைகளை மீட்டுக்கொள்வதாக 1968இல் பிரிட்டன் அறிவித்தபோது, படைத்தளங்களை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான சிங்கப்பூர்க் குடும்பங்களின் பிழைப்பு ஆட்டங்கண்டது. 1973இல் அதே பிரிட்டன் ஐரோப்பியப் பொருளியல் சமூகத்தில் சேர்ந்ததும், வெண்ணெயையும் ஆட்டிறைச்சியையும் தலைமுறைகளாக லண்டனுக்கே அனுப்பிவந்த நியூசிலாந்து விவசாயிகள் வேறு சந்தை தேட வேண்டியதாயிற்று. பெரிய நாடு ஒன்றின் ஆதரவு எப்போது வேண்டுமானாலும் கைவிட்டுப் போகலாம் என்பதை இருவரும் அனுபவித்தே அறிந்தார்கள். அந்தக் காலத்தில் நியூசிலாந்து தன் படையைச் சிங்கப்பூரிலிருந்து 1989 வரை எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இங்குள்ள என் வயதினர் மறக்கவில்லை.

1999 இறுதியில் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் கூட்டம் முறிந்த பிறகு, எல்லா நாடுகளும் ஒத்துவரட்டும் என்று சிறிய நாடுகள் காத்திருப்பதில் பயனில்லை என்பது தெளிவாயிற்று. இங்கே கோ சோக் தோங்கும் அங்கே ஹெலன் கிளார்க்கும் பிரதமர்களாக இருந்தபோது, இரு நாடுகளுக்கும் இடையே 2000 நவம்பரில் கையெழுத்தான அணுக்கமான பொருளியல் பங்காளித்துவ உடன்பாடு 2001 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இருதரப்பாகச் சிங்கப்பூர் செய்துகொண்ட முதல் தடையற்ற வர்த்தக உடன்பாடு அதுதான். மிகச் சில பொருள்களைத் தவிர வேறெதற்கும் சிங்கப்பூர் இறக்குமதி வரி விதிக்காத நிலையில் நியூசிலாந்துக்கு இதனால் என்ன லாபம் என்று அப்போதே பலர் கேட்டார்கள். இன்று இல்லாத வரியை நாளை எந்த அரசு வந்தாலும் விதிக்க முடியாது என்ற உறுதிதான் லாபம். அதே உடன்பாட்டில், 1840இல் பிரிட்டிஷ் அரசும் நியூசிலாந்தின் பூர்வகுடி மவோரித் தலைவர்களும் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தப்படி மவோரி மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய நியூசிலாந்துக்குத் தடையிருக்காது என்ற விதிவிலக்கும் சேர்க்கப்பட்டது. ஒருவர் வீட்டு நியாயத்தை மற்றவர் மதித்து ஏற்றுக்கொண்டது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

எங்கள் மேசைக்கு அந்த உடன்பாடு வந்தது வேறு வடிவத்தில். அப்போதைய விதிப்படி, சிங்கப்பூரில் செய்த பொருள் என்று காட்டி நியூசிலாந்தில் வரிச்சலுகை பெற வேண்டுமானால், கடைசிக் கட்ட உற்பத்தி இங்கே நடந்திருக்க வேண்டும். அடக்கவிலையில் 40 விழுக்காடாவது இந்த இரு நாடுகளுக்குள் செலவாகியிருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்த உறை, ஜப்பானிலிருந்து வந்த பாகம், இங்கே கொடுத்த கூலி என்று தொழிற்சாலைக் கணக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்போம். சதவீதம் சற்றுக் குறைந்தாலும் சலுகை கிடைக்காது. பிரதமர்கள் போட்ட கையெழுத்து உயிரோடு இருப்பது இப்படிப்பட்ட கணக்குத் தாள்களில்தான்.

புருணையும் சிலியும் சேர்ந்து நான்கு நாட்டு வர்த்தக உடன்பாடானது 2005இல். அந்தச் சிறு வட்டத்திலிருந்துதான் பசிபிக் கரை நாடுகள் பலவற்றின் பெரிய வர்த்தக உடன்பாடு வளர்ந்தது. 2017இல் அமெரிக்கா விலகிய பிறகும் அது நின்றது, பிறகு பிரிட்டனே அதில் வந்து சேர்ந்தது. 2020 ஜூனில் சிலியோடு சேர்ந்து செய்துகொண்ட, இணையவழி வாணிபத்துக்கான மின்னிலக்கப் பொருளியல் உடன்பாட்டை நீ என்னைவிட நன்றாக அறிவாய்.

ஆனால் என் மனத்தில் ஆழப் பதிந்தது 2020இன் தொடக்கம்தான். பிப்ரவரி 7ஆம் தேதி சிங்கப்பூரில் கோவிட் கிருமிப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்ததும் பேரங்காடிகளில் அரிசி, நூடல்ஸ் அடுக்குகள் காலியாயின. மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது மக்கள் மறுபடியும் கடைகளுக்கு ஓடினார்கள். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் ஊரின் அச்சம் அது. நாடுகள் ஒவ்வொன்றாக மருத்துவப் பொருள் ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஏப்ரல் 15ஆம் தேதி சிங்கப்பூரும் நியூசிலாந்தும் ஒரு பிரகடனம் செய்தன. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் வரி இல்லை, ஏற்றுமதித் தடை இல்லை; உணவுப் பொருள்களுக்கும் தடை வராமல் பார்த்துக்கொள்ள முயல்வோம் என்றன. மொத்த வாணிபத்தின் விழுக்காட்டைக் கொண்டு இந்த வாக்குறுதியை எப்படி அளப்பாய்?

இந்தத் தேவை ஒருதலையானதும் அன்று. நியூசிலாந்தின் ஒரே எண்ணெய் ஆலையான மார்ஸ்டன் பாயிண்ட் 2022இல் எண்ணெய் சுத்திகரிப்பதை நிறுத்திய பிறகு, நியூசிலாந்து தன் பெட்ரோலையும் டீசலையும் விமான எரிபொருளையும் சுத்திகரித்த நிலையிலேயே கப்பலில் வரவழைக்கிறது. அதில் கணிசமான பங்கு சிங்கப்பூரிலிருந்து போகிறது. நீ அங்கே ஏறும் பேருந்துக்கும் நாங்கள் இங்கே காலையில் கலக்கும் நியூசிலாந்துப் பால்மாவுக்கும் இடையே ஒரே கடல்வழி. இதை உணர்ந்துதான், அரசதந்திர உறவின் 60ஆம் ஆண்டான 2025இன் அக்டோபரில், இரு நாட்டுப் பிரதமர்களான லாரன்ஸ் வோங்கும் கிறிஸ்டஃபர் லக்சனும் உறவை விரிவான உத்திபூர்வப் பங்காளித்துவமாக உயர்த்தினார்கள். அத்தியாவசியப் பொருள் வர்த்தக உடன்பாட்டுக்கான பேச்சும் முடிந்ததாக அப்போது அறிவித்தார்கள். நெருக்கடியில் கொடுத்த வாக்கைச் சட்டமாக்கும் வேலை அது.

அரசாங்கங்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டன. எனக்குள்ள கவலை சிறு வணிகர்களைப் பற்றியது. சலுகை இருப்பதே தெரியாமல் முழு வரி கட்டியவர்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். அடக்கவிலைக் கணக்குக்குப் பயந்து உடன்பாட்டைத் தொடாமலே விட்டவர்களும் உண்டு. அத்தியாவசியப் பொருள்களுக்கான நடைமுறை விதிகள் எழுதப்படும்போது, பத்துப் பேர் வேலைசெய்யும் நிறுவனமும் நிரப்பக்கூடிய படிவமாக அவை அமையுமா என்று உன் மேலதிகாரிகளிடம் கேட்டுப் பார். அவர்கள் சொல்வதை எனக்கு எழுது. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா