மலையகத்துக் கைத்தொலைபேசித் திருத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை நகரங்களில் கைத்தொலைபேசி திருத்தும் மதிப்புக்குரிய சகோதரர்களுக்கு,

வணக்கம். பூட்டிக்கிடக்கும் அண்ட்ரொய்ட் போனில் யூஎஸ்பி டிபக்கிங்கை (வயரில் இணைத்த கணினி போனுக்குக் கட்டளையிட வழிசெய்யும் வசதியை) வெளியிலிருந்தே இயக்கித் தகவல்களை மீட்டுத் தருவதாகச் சில கடைகளில் உறுதி கூறப்படுகிறது. எங்கள் தோட்டத்துப் பெண்ணொருவர், வளைகுடாவில் வேலைசெய்யும் தன் மகளின் குரல் பதிவுகளுக்காக அவ்வாறு முற்பணம் கட்டினார். திரும்பி வந்த போன், புதிதாக வாங்கியதைப் போல, மொழியைத் தெரிவு செய்யுமாறு கேட்டது. பதிவுகள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த வசதி, பூட்டைத் திறந்து அமைப்புகளுக்குள் சென்று, பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டிய பின்னரே தோன்றும் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் என்ற மறைந்த பட்டியலில் இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அது ஏற்கனவே இயங்கினாலும், அண்ட்ரொய்ட் 4.2.2 முதல், புதிய கணினியொன்றை இணைக்கும்போது போனின் திரையிலேயே அனுமதி தரவேண்டும். போனை முதலில் தொடக்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் உள்ளிருப்பவை அழிக்கப்படும். அண்மைக்காலப் போன்களில் தகவல்கள், பூட்டைத் திறக்காமல் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், நினைவகச் சில்லைக் கழற்றி எடுப்பதிலும் பயனில்லை.

ஆயினும் செய்யக்கூடியவை உண்டு, அவற்றை முதலில் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். உறைந்துபோன போனைப் பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், பல மாதிரிகளில் அது தானாக மீள இயங்கும். திரை தெரிந்து டச் மட்டும் செத்திருந்தால், ஓடிஜி வயரில் (போனில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் இணைப்பு வயரில்) ஒரு சாதாரண மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான போன்களில் அம்புக்குறி தோன்றும், உரிமையாளரே தன் பூட்டுக் கோலத்தை மவுஸால் வரைந்து திறந்துவிடலாம். அதன் பின் டிபக்கிங்கை இயக்குவது எளிது, ஆனால் கணினியை இணைக்க மவுஸைக் கழற்ற நேர்வதால், அனுமதி அளிக்கப் புளூடூத் மவுஸ் தேவைப்படலாம். திரையே கறுத்துவிட்டால், புதிய திரை பொருத்திய பிறகு மற்றதைப் பாருங்கள். அழித்துவிட்டுத் தொடங்குவதே விரைவான வேலை என்பது உண்மைதான், ஆனால் அந்த முடிவை எடுக்கும் உரிமை போனின் சொந்தக்காரருக்கே உண்டு.

வேலை முடிந்ததும் டிபக்கிங்கை நிறுத்தி, கணினிகளுக்கு வழங்கிய அனுமதிகளையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். உங்கள் கணினியை எப்போதும் அனுமதிக்கும் பெட்டியில் குறியிட்டபடி விட்டால், அந்தப் போன் அடுத்த முறை செருகப்படும்போது கேள்வியின்றியே இணங்கக்கூடும்.

போனைப் பொறுப்பேற்கும் பற்றுச்சீட்டில், தகவல்கள் அழியக்கூடும் என்பதைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற்ற பின்னரே அதைத் தொடுங்கள். மீட்க முடியாதெனில் முற்பணம் வாங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டக் குடியிருப்பாளர் ஒருவர்